பஸ் டிக்கெட் வாங்குவதே கதையாகும்போது: பாரசீக மொழிப் படங்களில் பெண்கள்

கேள்வி இது: "ஈரானியப் படங்களில் பெண்களின் வாழ்க்கையைக் காட்டுபவை என்று பலரும் சொன்ன சிலவற்றைப் பார்த்தேன். ஒருத்தி கார் ஓட்டிக்கொண்டே பேசுகிறாள். இன்னொருத்தி பஸ் டிக்கெட் வாங்க முடியாமல் நிற்கிறாள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. தணிக்கைக்குப் பயந்து இப்படி எடுக்கிறார்களா, இதுதான் அவர்கள் பாணியா? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?"

நீங்கள் கவனித்தது சரிதான். அந்தப் படங்களில் ஒரு பெண் ஏதோ ஒரு சின்ன வேலையாகக் கிளம்புகிறாள். ஊருக்குப் போக வேண்டும், ஒரு சிகரெட் பிடிக்க வேண்டும், ஒரு கால்பந்து மேட்ச் பார்க்க வேண்டும், மகனை நீச்சல் குளத்தில் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு ஆண் போகிற போக்கில் முடித்துவிட்டு மறந்துவிடுகிற வேலைகள். அவளுக்கு மட்டும் ஒவ்வொன்றின் நடுவிலும் யாரோ ஒருவருடைய அனுமதி வந்து நிற்கிறது. அந்தச் சின்ன வேலையை முடிக்க அவளுக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்படுகிறது. சொல்ல இயக்குநருக்கு ஒரு முழுப் படம் தேவைப்படுகிறது. நீங்கள் தேடுகிற கதை அந்த டிக்கெட் கவுன்டரிலேயே இருக்கிறது.

நீங்கள் சொல்லும் அந்த பஸ் டிக்கெட் படம் ஜாஃபர் பனாஹியின் 'தி சர்க்கிள்' (2000). வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது, ஈரானில் தடை. அதில் நர்கிஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண். சிறையிலிருந்து வெளியே வந்திருக்கிறாள். ஏன் சிறைக்குப் போனாள் என்று படம் கடைசிவரை சொல்வதே இல்லை. தோழி எப்படியோ பணம் புரட்டிக் கொடுத்து ஊருக்குப் போகச் சொல்கிறாள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் கேட்பதெல்லாம் அடையாள அட்டை அல்லது கூட வருகிற ஆண். அவளிடம் இரண்டும் இல்லை. மாணவி, அட்டையை மறந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்கிறாள். அவர் கெட்டவர் இல்லை, கொஞ்சம் தயங்கிவிட்டு டிக்கெட்டைக் கொடுத்தும் விடுகிறார். ஆனால் பஸ் பக்கத்தில் போலீஸ் சோதனை நடக்கிறது. அவளால் ஏற முடியவில்லை. இவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அவள் கூட்டத்துக்குள் புகுந்து நடக்கும்போது கேமராவும் அவள் தோளை ஒட்டியே நடக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினால் யார் நிற்பார்கள் என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தப் பதற்றம் எனக்கு எந்த த்ரில்லரிலும் கிடைத்ததில்லை.

அதே படத்தில் பரி என்ற இன்னொரு பெண். வயிற்றில் நான்கு மாதக் கரு. காதலனுக்குத் தூக்கு நிறைவேற்றப்பட்டுவிட்டது. கருவைக் கலைக்க வேண்டும் என்றால் கணவன் அல்லது அப்பாவின் சம்மதம் வேண்டும். பழைய சிறைத் தோழி ஒருத்தி இப்போது மருத்துவமனையில் நர்ஸ். அவளும் தன் சிறை வாழ்க்கையைக் கணவனிடம் மறைத்து வாழ்கிறவள், உதவப் பயப்படுகிறாள். படம் முழுக்கப் பெண்கள் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு முறையும் யாராவது தடுக்கிறார்கள். கடைசியில் போலீஸ் வேனில் ஏற்றப்பட்ட ஒரு பாலியல் தொழிலாளிதான் நிம்மதியாகப் புகைக்கிறாள், ஏனென்றால் இனி இழக்க ஒன்றுமில்லை.

ஆரம்பக் காட்சியையும் கடைசிக் காட்சியையும் சேர்த்துப் பாருங்கள். முதல் காட்சியில் பிரசவ வார்டு. கதவில் ஒரு சின்னத் திறப்பு. பிள்ளை பிறந்ததைச் சொல்கிறார்கள். ஸ்கேனில் பையன் என்று சொன்னார்களே, பெண்ணா பிறந்தது, சம்பந்தி வீட்டார் விவாகரத்து கேட்பார்களே என்று பாட்டி நடுங்குகிறாள். பிள்ளை பெற்றவளின் பெயர் சொல்மாஸ் கொலாமி. கடைசிக் காட்சியில் சிறை அறை. அங்கேயும் கதவில் அதே மாதிரித் திறப்பு. ஃபோன் மணி அடிக்கிறது. காவலர் வந்து எட்டிப் பார்த்து, சொல்மாஸ் கொலாமி இருக்கிறாளா என்று கேட்கிறார். அவள் எப்படி அங்கே வந்தாள் என்று யாரும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை.

இது சினிமாக்காரர்கள் ஊதிப் பெரிதாக்கியது என்று நினைத்துவிடாதீர்கள். ஈரானில் திருமணமான பெண் பாஸ்போர்ட் எடுக்கக் கணவனின் அனுமதி வேண்டும். 2015-ல் ஈரான் மகளிர் ஃபுட்சால் அணியின் கேப்டன் நிலோஃபர் அர்தலான், கணவர் சம்மதம் தராததால் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டிக்குப் போக முடியாமல் போனது. நாட்டின் அணிக்கே கேப்டன்! குடும்ப நலனுக்கு ஒவ்வாத வேலை என்று சொல்லி மனைவி வேலைக்குப் போவதைக் கணவன் தடுக்கவும் சிவில் சட்டம் இடம் தருகிறது. விவாகரத்து செய்யும் உரிமை அடிப்படையில் கணவனுடையது. மனைவி கேட்டால் காரணம் நிரூபிக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது, ஒருத்தியின் செவ்வாய்க்கிழமை காலையில் எப்படி வந்து நிற்கிறது என்று காட்டுவதுதான் இந்தப் படங்களின் வேலை. அதற்கு வில்லன் தேவைப்படுவதில்லை, பின்னணி இசையும் தேவைப்படுவதில்லை.

அடுத்து, கார். ஈரானியப் படங்களில் ஏன் இத்தனை கார் என்று பலர் கேட்பார்கள்.

1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு திரையில் வரும் பெண் எந்நேரமும் தலையை மூடியிருக்க வேண்டும் என்று ஆனது. கதைப்படி அவள் தன் வீட்டில், தன் கணவனோடு, தன் படுக்கையறையில் இருந்தாலும் சரி. பார்க்கிறவன் அந்நியன் என்பது வாதம். எந்த ஈரானியப் பெண்ணும் வீட்டுக்குள் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது தலையில் முக்காடு போட்டுக்கொண்டு இருப்பதில்லை. ஆக, வீட்டுக்குள் கேமராவை வைத்த நிமிடமே படம் பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது. நேர்மையான இயக்குநர் என்ன செய்வார்? பெண் உண்மையிலேயே முக்காடு போட்டிருக்கும் இடங்களுக்குப் போவார். தெரு, பஸ் நிலையம், மைதான வாசல், மருத்துவமனை வராந்தா. வீட்டுக்குள் பெண்ணைக் காட்டத் தயங்கியதற்கு இதுவே காரணம் என்று இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தாமி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கார் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே ஊர் பார்க்கிறது, அதனால் முக்காடு இயல்பு. கண்ணாடிக்கு உள்ளே யாரும் கேட்கவில்லை, அதனால் மனம்விட்டுப் பேசுவதும் இயல்பு. வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் காரில் பேசுகிறார்கள்.

நீங்கள் பார்த்த கார் படம் 'டென்' (2002) என்றே நினைக்கிறேன். கியாரொஸ்தாமி எடுத்தது. டாஷ்போர்டில் இரண்டு சின்ன டிஜிட்டல் கேமரா, ஒன்று ஓட்டுபவரைப் பார்த்து, ஒன்று பக்கத்து இருக்கையைப் பார்த்து. பத்துப் பகுதிகள், பத்திலிருந்து ஒன்றுவரை இறங்குவரிசையில். ஓட்டுபவர் மானியா அக்பரி. முதல் பகுதியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவருடைய மகனாக வரும் பையன், நிஜத்திலும் அவர் பிள்ளைதான். கால் மணி நேரத்துக்கும் மேலாகக் கேமரா பையனைவிட்டு நகர்வதில்லை. அம்மாவின் குரல் மட்டும் வருகிறது. அப்பாவை ஏன் விட்டுவிட்டு வந்தாய், ஏன் கோர்ட்டில் பொய் சொன்னாய், நீ சுயநலக்காரி என்று அவன் கத்துகிறான், காதைப் பொத்திக்கொள்கிறான். விவாகரத்து கிடைக்க வேண்டுமானால் புருஷன் போதைக்கு அடிமை என்றோ அடிக்கிறான் என்றோ சொல்லித்தான் ஆக வேண்டும், இந்த நாட்டில் வேறு என்ன வழி என்று அவள் குரல் உயர்கிறது. பத்து வயசுப் பையனிடம் ஒரு தாய் குடும்பச் சட்டத்தை வாதாட வேண்டியிருக்கிறது! இவ்வளவு நேரமும் நம் மனதில் அவளுக்கு ஒரு முகம் உருவாகிக்கொண்டே இருக்கும். பையன் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கிய பிறகு, முதல்முறையாக அவளைக் காட்டுகிறார்கள். இளம்பெண், கறுப்புக் கண்ணாடி, உதட்டுச்சாயம். நாம் கற்பனை செய்த ஆள் இவள் இல்லை. பையன் சொன்னதை எவ்வளவு தூரம் நம்பிவிட்டோம் என்று அப்போதுதான் உறைக்கிறது.

அப்புறம் ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். தினமும் தர்காவுக்குப் போய்த் தொழுகிற ஒரு பாட்டி. இருட்டில் முகமே காட்டப்படாத ஒரு பாலியல் தொழிலாளி. ஓட்டுவது ஆண் என்று நினைத்து ஏறிவிட்டவள். அவள் சிரித்துக்கொண்டே ஒன்று சொல்கிறாள்: நீங்கள் மொத்த வியாபாரம், நாங்கள் சில்லறை வியாபாரம். கல்யாணத்தைப் பற்றி இதைவிடக் கசப்பான ஒரு வரியை ஈரானியப் படங்களில் நான் கேட்டதில்லை.

என்னை இன்றுவரை விடாத காட்சி ஒன்று உண்டு. கல்யாணம் செய்துகொள்வான் என்று நம்பியவன் கைவிட்டுவிட்டான் என்று சொல்லும் ஒரு பெண். ஏற்கெனவே ஒரு பகுதியில் இந்தக் காரில் வந்தவள். இந்த முறை முக்காட்டை இறுக்கமாகக் கட்டியிருக்கிறாள். ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்கும்போது முக்காடு மெல்லப் பின்னால் சரிகிறது. தலை மொட்டை. தானே மழித்துக்கொண்டுவிட்டாள். அவள் சிரிக்கிறாள், அழுகிறாள், இரண்டும் ஒன்றாக வருகிறது. பக்கத்திலிருந்து ஓட்டுபவளின் கை மட்டும் ஃபிரேமுக்குள் வந்து கண்ணீரைத் துடைத்துவிட்டுப் போகிறது. உனக்கு நன்றாக இருக்கிறது என்கிறாள். முக்காடு இல்லாத பெண்ணின் தலையைக் காட்டக் கூடாது என்ற நாட்டில், ஒரு பெண்ணின் தலை முழுசாகத் திரையில் தெரிகிறது, ஏனென்றால் மறைப்பதற்கு அங்கே முடி இல்லை. இது சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த சாமர்த்தியம் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண் தன் துக்கத்தை இன்னொரு பெண்ணிடம் காட்டுகிறாள். விதி அந்த நேரத்தில் பொருட்டில்லாமல் போய்விடுகிறது.

இந்தப் படத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. பல வருடம் கழித்து அக்பரியும், அந்தப் பிள்ளையாக வந்தவரும், இப்படம் உருவான விதம் பற்றிக் கடுமையான குற்றச்சாட்டுகளைப் பொதுவெளியில் வைத்திருக்கிறார்கள். தங்கள் சொந்த வாழ்க்கை தங்கள் சம்மதமில்லாமல் படமாகிவிட்டது என்பது அதில் முக்கியமானது. பெண்களின் அன்றாடத்தைப் படமாக்குவதைப் பற்றிப் பேசும்போது, யாருடைய அன்றாடம், யார் கையில் என்ற கேள்வி இருக்கத்தான் செய்யும். அதனால் அக்பரி தானே இயக்கியவற்றையும் பாருங்கள் என்பேன். '20 ஃபிங்கர்ஸ்' (2004) முழுக்க ஒரு கணவன் மனைவி பேச்சு. '10+4' (2007) அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்த பிறகு எடுத்தது.

தணிக்கைதான் காரணமா என்று கேட்டீர்கள். பாதி ஆம். ஆனால் அந்தப் பாணி புரட்சிக்குப் பின் வந்த இந்தத் தணிக்கைக்கு முன்பே இருந்தது. சொஹ்ராப் ஷாஹித் சாலெஸின் 'ஸ்டில் லைஃப்' 1974-ல் வந்தது, புரட்சிக்கு முந்தைய மன்னர் ஷா காலத்தில். பெர்லினில் வெள்ளிக்கரடி வாங்கியது. ஒரு ரயில்வே கேட்காரரும் அவர் மனைவியும். கிழவர் கேட்டை மூடுவார், திறப்பார், வந்து தேநீர் குடிப்பார். கிழவி தறி முன்னால் உட்கார்ந்து கம்பளம் முடிவாள். அந்த வீட்டில் அவள் கை ஓய்ந்து நான் பார்க்கவில்லை. வீட்டுவேலையும் கூலிவேலையும் ஒரே அறையில், ஒரே உட்காரலில் நடக்கிறது. கிழவருக்கு ஓய்வுபெறும் உத்தரவு வருவதுதான் படத்தின் பெரிய சம்பவம்; கிழவிக்கு ஓய்வு என்று ஒன்று வரப்போவதில்லை என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்கும் முன்னால், பெண் கவிஞர் ஃபரூக் ஃபரோக்ஸாத் 1962-ல் தப்ரீஸ் பக்கத்தில் உள்ள ஒரு தொழுநோயாளர் இல்லத்தில் எடுத்த 22 நிமிட ஆவணப்படம் 'தி ஹவுஸ் இஸ் பிளாக்'. நோய் தின்ற முகத்தோடு ஒரு பெண் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் காட்சியோடு தொடங்குகிறது. பிற்கால ஈரானிய சினிமாவின் பொறுமையான பார்வை அந்தக் கண்ணாடிக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

ஆகவே "தணிக்கை இருந்ததால்தான் ஈரானில் நல்ல சினிமா வந்தது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தணிக்கை கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டது அதிகம். பஹ்ராம் பேசாயியின் 'பாஷு, தி லிட்டில் ஸ்ட்ரேஞ்சர்' படத்தில் நாயி என்ற கிராமத்துப் பெண்ணாக சூசன் தஸ்லிமி நடித்தார். ஈரான்–ஈராக் போரில் வீடிழந்து வடக்கே ஓடிவந்த, தன் மொழி தெரியாத ஒரு பையனைத் தன் பிள்ளையாக்கிக்கொள்பவள். வயலில் அவள் முகம் ஃபிரேமுக்குள் எழுந்து வந்து நேராகப் பார்க்கும் அந்த ஒரு ஷாட்டுக்காகவே அந்தப் படம் நிற்கும். 1980-களின் நடுவில் எடுத்த படம் 1989-ல்தான் வெளிவந்தது. தஸ்லிமி நாட்டைவிட்டு ஸ்வீடனுக்குப் போய்விட்டார். அந்த முகத்தை வைத்து ஈரானில் இன்னும் எத்தனை படம் வந்திருக்கலாம். பனாஹிக்கு 2010-ல் ஆறு வருடச் சிறையும் இருபது வருடம் படமெடுக்கத் தடையும் விதித்தார்கள். இதையெல்லாம் கலைக்குக் கிடைத்த உதவி என்று எப்படிச் சொல்வது?

தொடுகை விஷயத்தையும் பார்க்க வேண்டும். நிஜத்தில் உறவில்லாத ஆணும் பெண்ணும் திரையில் தொட்டுக்கொள்ளக் கூடாது. போரிலிருந்து திரும்பும் மகனைத் தாய் கட்டிக்கொள்ள முடியாது. பெண் இயக்குநர் ரக்ஷான் பனி-எத்தமாத் இதை எதிர்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கும். 'தி மே லேடி' (1998) படத்தின் நாயகி ஃபரூக் கியா, விவாகரத்தானவள், ஆவணப்படம் எடுப்பவள், வளர்ந்த மகனோடு வாழ்கிறாள். அவளுக்கு ஒரு காதல். அந்த ஆளைப் படம் முழுக்க நாம் பார்ப்பதே இல்லை; குரலும் கடிதமும் மட்டும். விதியை மீறாத காதல் கதை! ஆனால் கடைசியில் அவன் முகமில்லாமல் போனதே அவள் வாழ்க்கையின் உண்மை நிலவரம் ஆகிவிடுகிறது. மகனுக்கு முன்னால், ஊருக்கு முன்னால் அவள் அவனைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது.

அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) மினிமலிசப் படம், அதாவது சொற்பச் சம்பவங்களிலேயே நகரும் படம், என்று நான் சொல்லமாட்டேன், கதைப் பின்னல் அதிகம். ஆனால் அதில் ஒரே ஒரு நிமிடம் இந்த வகையில் சேரும். வேலைக்கு வந்த ராஸியே, மறதி நோய் வந்த பெரியவர் உடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டதைப் பார்க்கிறாள். அவள் கர்ப்பிணி, மத நம்பிக்கை ஆழமானவள். உடனே மார்க்க விஷயங்களுக்கான ஒரு எண்ணுக்கு ஃபோன் போட்டு, நான் இவருக்கு உடை மாற்றினால் பாவமா என்று கேட்கிறாள். பக்கத்தில் நிற்கும் அவளுடைய சின்ன மகள், அப்பாவிடம் சொல்லமாட்டேன் என்கிறாள். அந்தப் பிள்ளைக்குக்கூட எதை யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

சரி, இனி எனக்கு மிகவும் நெருக்கமான படத்துக்கு வருகிறேன். மர்ஸியே மெஷ்கினியின் 'தி டே ஐ பிகேம் எ வுமன்' (2000). கிஷ் தீவில் மூன்று சின்னக் கதைகள், மொத்தம் 78 நிமிடம். முதல் கதையில் ஹவா என்ற சிறுமிக்கு அன்றைக்கு ஒன்பது வயது முடிகிறது. மார்க்கப்படி அன்றிலிருந்து அவள் பெரிய பெண். ஹசனோடு விளையாடக் கூடாது. ஆனால் அவள் பிறந்தது நண்பகலில். அதனால் நண்பகல்வரை நான் இன்னும் குழந்தைதானே என்று வாதாடுகிறாள். பாட்டி ஒரு குச்சியைக் கொடுத்து, மண்ணில் நட்டுவைத்துப் பார், நிழல் இல்லாமல் போகும்போது வீட்டுக்கு வந்துவிடு என்கிறாள். அவள் ஓடிப்போனால், ஹசன் வீட்டுப்பாடம் முடிக்காமல் வெளியே வர முடியாது. ஜன்னல் கம்பிக்கு உள்ளே அவன், வெளியே அவள். ஒரே குச்சி மிட்டாயை மாறி மாறிச் சப்புகிறார்கள். அவ்வப்போது அவள் குனிந்து விரலால் நிழலை அளந்து பார்க்கிறாள். குறைந்துகொண்டே வருகிறது. ஒரு குழந்தையின் சுதந்திரத்தை இப்படிக் குச்சி நிழலில் அளந்து காட்ட வேறு என்ன செலவு தேவை?

இரண்டாவது கதையில் ஆஹூ கடலோரச் சாலையில் சைக்கிள் பந்தயத்தில் மிதிக்கிறாள். கணவன் குதிரையில் வந்து இறங்கச் சொல்கிறான். அடுத்து முல்லாவைக் கூட்டிக்கொண்டு வருகிறான், ஓட்டத்திலேயே விவாகரத்து. அப்புறம் அப்பா, குடும்பத்து ஆண்கள், கடைசியில் சகோதரர்கள். அவள் மிதித்துக்கொண்டே இருக்கிறாள். மூன்றாவதில் ஹூரா என்ற கிழவி. கையில் திடீரென்று பணம். வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டு வாங்காத பொருளை எல்லாம் வாங்குகிறாள், மறக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் நூல் கட்டிக்கொண்டு. ஃபிரிட்ஜ், அடுப்பு, கட்டில் எல்லாம் வெட்டவெளியில் கடற்கரை மணலில் பரப்பிக் கிடக்கின்றன. வீடு இல்லை, வீட்டுச் சாமான் மட்டும் இருக்கிறது. ஒரு விரல் நூல் எதற்கென்று மட்டும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இந்த மூன்றாவது கதை கொஞ்சம் குறியீடாகப் போய்விடுகிறது என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கும் முதல் கதைதான் உயர்வு. ஆனால் அந்த மறந்த நூலை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இதன் திரைக்கதை மெஷ்கினியின் கணவர் மொஹ்சென் மக்மல்பாஃபுடையது. மொஹ்செனின் மகள் சமீரா, பதினெட்டு வயதில் 'தி ஆப்பிள்' (1998) படத்தோடு கான் விழாவுக்குப் போனார். தெஹ்ரானில் ஒரு தகப்பன் இரட்டைப் பெண்பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே பூட்டி வளர்த்தார் என்ற நிஜச் செய்தி. அந்தக் குடும்பமே அதில் நடித்தது. அந்தத் தகப்பனை அரக்கனாக்கவில்லை என்பதுதான் அந்தப் படத்தின் பலம். தாய்க்குக் கண் தெரியாது, தான் வெளியே போக வேண்டும், பெண்பிள்ளை பூ மாதிரி, வெயில் பட்டால் வாடிவிடும் என்று அவர் மனதார நம்புகிறார். சமூகப் பணியாளராக வரும் பெண் வாதம் எதுவும் செய்வதில்லை. பிள்ளைகளைத் தெருவில் விளையாட விட்டுவிட்டு, அவரை உள்ளே வைத்துப் பூட்டி, கையில் ஒரு ரம்பத்தைக் கொடுத்து, கம்பியை நீங்களே அறுங்கள் என்கிறாள்.

பாரசீக மொழி என்றால் ஈரான் மட்டும் இல்லை. ஆப்கானிஸ்தானின் தாரியும் பாரசீகம்தான். சஹ்ரா கரீமியின் 'ஹவா, மரியம், ஆயிஷா' (2019) காபூலில் மூன்று கர்ப்பிணிகளின் கதை: மாமியார் வீட்டில் ஓயாமல் உழைக்கும் ஒருத்தி, டிவியில் செய்தி வாசிக்கும் படித்த ஒருத்தி, கல்யாணத்துக்கு நிற்கும் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி. வர்க்கம் மாறுகிறது, வயது மாறுகிறது. தன் உடம்பைப் பற்றிய முடிவை மூவரும் தனியாக, ஒளித்து எடுக்க வேண்டியிருக்கிறது. அரசு நிறுவனமான ஆப்கான் ஃபிலிமுக்குத் தலைவரான முதல் பெண் கரீமி. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்தபோது நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

கடைசியாக, அண்மையில் நடந்த ஒரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும். முக்காட்டைச் சரியாகப் போடவில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி 2022 செப்டம்பரில் காவலில் இறந்த பிறகு எழுந்த போராட்டத்துக்குப் பிறகு, பல இயக்குநர்கள் பழைய முக்காட்டு விதியையே கைவிட்டுவிட்டார்கள். மரியம் மொகத்தம், பெஹ்தாஷ் சனாயிஹா இருவரும் சேர்ந்து எடுத்த 'மை ஃபேவரிட் கேக்' (2024) அதில் முக்கியமானது. மஹின், எழுபது வயது, கணவன் இறந்து பல வருடம் ஆயிற்று, பிள்ளைகள் வெளிநாட்டில். நாற்பது வருடம் ஈரானிய சினிமா தயங்கி நின்ற வாசலைத் தாண்டி, கேமரா வீட்டுக்குள் போகிறது. அவள் தலையில் முக்காடு இல்லை. நைட்டியோடு தூங்கி எழுகிறாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், கேக் செய்கிறாள். ஒரு மாலை, தன் வயதொத்த டாக்ஸி ஓட்டுநர் ஒருவரை வீட்டுக்கு அழைக்கிறாள். கொஞ்சம் ஒயின், கொஞ்சம் ஆட்டம், பக்கத்து வீட்டுக்காரி வந்து ஆண் குரல் கேட்டதே என்று விசாரிப்பது. இயக்குநர்களின் பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டதால் பெர்லின் திரையிடலுக்கு அவர்களால் போக முடியவில்லை. ஒரு கிழவி தன் வீட்டில் முடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருப்பதைக் காட்டியதற்கு இந்த விலை.

அதே நேரத்தில் கார் தன் பழைய பாதுகாப்பை இழந்துவிட்டது. முக்காடு இல்லாமல் காரில் இருந்தது கேமராவில் பதிவானால் உரிமையாளருக்கு எச்சரிக்கை எஸ்எம்எஸ் வந்தது, கார் பறிமுதல்வரை போனது. அலி அஸ்கரியும் அலிரெஸா காத்தமியும் எடுத்த 'டெரஸ்ட்ரியல் வெர்சஸ்' (2023) படத்தில் ஒரு பெண் இந்தக் குற்றச்சாட்டுக்காக ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கேமரா அசைவதே இல்லை, கேள்வி கேட்கும் அதிகாரி ஃபிரேமில் வருவதே இல்லை. இப்படிப் பல குட்டிக் காட்சிகள். அவற்றில் ஒன்றில் ஒரு சிறுமி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடி முன் ஆடிக்கொண்டிருக்கிறாள். அம்மாவும் கடைக்காரியும் பள்ளி விழாவுக்காக அவள்மேல் ஒவ்வொரு துணியாகப் போர்த்திக்கொண்டே போகிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், நீங்கள் 'டென்'னில் தொடங்கியதுதான் சிரமமாகப் போயிருக்கும். முதலில் பனாஹியின் 'ஆஃப்சைட்' (2006) பாருங்கள். 2005-ல் நடந்த ஈரான்–பஹ்ரைன் உலகக் கோப்பைக் கால்பந்து தகுதிச்சுற்று ஆட்டத்தைப் பார்க்க ஆண் வேடத்தில் ஆசாதி மைதானத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொண்ட பெண்கள். காவலுக்கு நிற்பவர்கள் கிராமத்திலிருந்து வந்த சிப்பாய்கள். ஒருவனுக்கு மனசெல்லாம் ஊரில் இருக்கும் மாட்டின்மேல். ஒரு பெண்ணுக்குக் கழிப்பறை போக வேண்டும், அங்கே பெண்கள் கழிப்பறையே கிடையாது. கால்பந்து வீரர் அலி தாயியின் படத்தை முகமூடியாகக் கட்டி அழைத்துப் போகிறான் சிப்பாய். நன்றாகச் சிரிப்பீர்கள், ஆட்டம் நம் கண்ணில் ஏறக்குறைய படவே இல்லை என்பது பிறகுதான் உறைக்கும். அடுத்து மெஷ்கினி. அதன்பின் 'தி சர்க்கிள்'. இந்த மூன்றுக்கும் பிறகு 'டென்'னை மறுபடி போடுங்கள். ஃபோனில் வேண்டாம், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பெரிய திரையில். அந்தப் படத்தில் பாதி விஷயம் ஃபிரேமுக்கு வெளியே இருந்து வரும் குரலில்தான் இருக்கிறது.